கொடியும் மரத்துவக்கும்

லாசால், மொன்றியல்
12.10.2003

அன்புள்ள மாக்கிரட் அக்காவுக்கு,

கிளி எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் ஆளுக்கொரு இருமலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி? அத்தான் மழைக்கு முன்னம் வயலை விதைத்துவிட்டாரா? ஜெனிற்றா தன் சின்னம்மாவை மறந்துவிட்டாளா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

நான் இப்போதும் அதே கார்டெரியில்தான், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடத்தில், சமைக்கிறேன். இவருக்கும் பாண் சுடுகிற அதே தொழிற்சாலைதான். (யோகராசா என்று பெயர் சொல்லி எழுத எனக்கு இன்னும் கூச்சம், சிரிக்காதீர்கள்.) புதுச் செய்தி எங்கள் மகள் தக்ஷினியைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் கலர் கார்ட் என்று ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். எங்கள் விளையாட்டுப் போட்டியில் பாண்ட் வாத்தியத்துக்கு முன்னால் பிள்ளைகள் கொடி பிடித்து நடப்பார்கள் அல்லவா? இங்கே அந்தக் கொடிக்காரர்கள் பாண்டை விட்டுப் பிரிந்து தனி ஆட்டமே ஆக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். உடற்பயிற்சி மண்டபத்தில் பாட்டைப் போட்டுவிட்டு, ஆளைவிட உயரமான கொடிகளைச் சுழற்றி, எறிந்து, ஓடிப்போய்ப் பிடிக்கிறார்கள். சிலருக்குக் கொடிக்குப் பதிலாக வெள்ளை அடித்த மரத்துவக்கு. சுடாது, வெறும் மரம். அதை மேலே எறிந்தால் நாலைந்து தரம் சுழன்று இறங்கும். கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். தக்ஷினிக்குக் கிடைத்தது அந்தத் துவக்குத்தான்.

இவருக்குப் பிடிக்கவில்லை. "கொடியும் துவக்கும் தூக்கிறதெண்டா ஊரிலயே நிண்டிருக்கலாமே. இதுக்கே கனடா வந்தனாங்க?" என்கிறார். நான் சிரித்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. பஸ்கால் என்று ஒரு படக்காரர் இந்தப் பிள்ளைகளை வைத்துப் படம் எடுக்கிறார். சினிமா இல்லை, நடப்பதை நடந்தபடி எடுக்கிற படம். ஒவ்வொரு அணிக்கும் ஒரு இசைக்காரரைச் சோடி சேர்த்துவிடுகிறார். அவர் அந்த அணிக்கென்று புதிதாக இசை அமைப்பார். வைகாசியில் பெரிய ஹொக்கி மண்டபத்தில் இசைக்காரர்கள் நேரில் வாசிக்க, பிள்ளைகள் ஆடுவார்கள். எங்கள் அணிக்கு எலேன் என்று ஒரு பெண். செலோ வாசிப்பவர். வயலினுக்கு அண்ணன் மாதிரி ஒரு வாத்தியம், கதிரையில் இருந்து காலுக்கிடையில் வைத்து இழுப்பது. அதன் சத்தம் நெஞ்சுக்குள்ளே கேட்கிறது அக்கா.

தக்ஷினி துவக்கை எறிகிற படம் ஒன்று வைத்திருக்கிறேன். ஜெனிற்றாவுக்குக் காட்டுங்கள். ஒரே மாதத்தில் பிறந்த பிள்ளைகள், யார் வளர்த்தி என்று பார்க்க வேண்டும். அவளுடைய படமும் அனுப்புங்கள்.

அத்தானுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
கிளி

*

வவுணதீவு, மட்டக்களப்பு
16.11.2003

அன்புத் தங்கை கிளிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. கடவுள் துணையால் இருக்கிறோம். உங்கள் மூவரின் இருமலும் நீங்கியிருக்கும் என்று நம்புகிறேன். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

நீ கேட்டவற்றுக்குப் பதில். முழங்கால் அப்படியேதான். வயல் விதைத்தாகிவிட்டது, மழை நன்றாகப் பெய்கிறது. ஜெனிற்றா சுகம். படிப்பு அதிகம், எழுத நேரமில்லை, மனதில் வைக்காதே.

தக்ஷினியின் படத்தைப் பார்த்தேன். அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தத் துவக்கு எவ்வளவு பாரம்? காயம் பட்டால் மருந்து கட்ட அங்கே ஆள் இருக்கிறதா? இடையில் பசித்தால் சாப்பிட விடுகிறார்களா? மறக்காமல் எழுது.

முந்தி ஒரு கடிதத்தில் நீ தொலைபேசிக் கடைக்கு வரச் சொல்லியிருந்தாய். டவுனுக்குப் போக ஆற்றைக் கடந்து சோதனைச் சாவடியில் நிற்க வேண்டும். கடையிலும் ஆட்கள் காது கொடுத்துக்கொண்டு இருப்பார்கள். கடிதமே நல்லது.

தம்பி யோகராசாவைக் கேட்டதாகச் சொல். குளிருக்குள் கவனம்.

அக்கா,
மாக்கிரட்

*

லாசால்
14.12.2003

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, பனி வந்துவிட்டது. சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் வீட்டிலும் நத்தாருக்குப் பாலன் குடில் கட்டும் வேலை தொடங்கியிருக்கும். என் பங்குக்கு ஒரு தட்டுக் கொக்கிஸ் பலகாரம் சுட்டு அயலுக்குக் கொடுங்கள்.

நீங்கள் கேட்டதைத் தக்ஷினியிடம் கேட்டேன். "பெரியம்மாக்கு ஏன் இதெல்லாம்?" என்று அவளுக்குச் சந்தோஷம். இங்கே வேறு யாரும் அவளிடம் இவ்வளவு விபரமாகக் கேட்டதில்லை. துவக்கு ஒரு பெரிய பப்பாசிப்பழத்தின் பாரம். தொடக்கத்தில் முழங்கையெல்லாம் நீலம் பாரித்தது. பயிற்சி கொடுக்கிற பெண் உறைந்த பட்டாணிப் பையை எடுத்து ஒத்துவார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தோடம்பழமும் பிட்சாவும்தான்.

படக்காரர் பஸ்கால் வீட்டுக்கு வந்தார். இடியப்பத்தைக் கையால் சாப்பிட்டு, சொதியைக் குடித்தே முடித்துவிட்டார். பிறகு கமெராவை வைத்துக்கொண்டு, ஏன் கனடா வந்தீர்கள் என்று கேட்டார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரில் நடந்ததைச் சொன்னேன். என் பிரெஞ்சு உடைந்த பிரெஞ்சு, ஆனாலும் அந்த மனிதர் கண் வெட்டாமல் கேட்டார். இந்த ஊரில் இத்தனை வருசத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை அக்கா. இன்னொரு நாளும் இருந்து சொல்லும்படி கேட்டிருக்கிறார். ஓம் என்று சொல்லியிருக்கிறேன்.

லவாலில் இருக்கிற கிருபானந்தன் நத்தாருக்கு ஊருக்கு வருகிறார். அவர் கையில் ஜெனிற்றாவுக்கு ஒரு சட்டை கொடுத்துவிடுகிறேன். தக்ஷினிக்கும் அதே நிறத்தில் எடுத்தேன். ஜெனிற்றாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு வரி.

எல்லோருக்கும் நத்தார் வாழ்த்து.

கிளி

*

வவுணதீவு
18.01.2004

அன்புத் தங்கைக்கு,

சுகம், உங்கள் சுகத்துக்காகவும் மன்றாடுகிறேன்.

கிருபானந்தன் தம்பி வந்தார். பண்பான பிள்ளை. அவரை நான் சரியாக உபசரிக்கவில்லை, குறை நினைக்க வேண்டாம் என்று சொல். சட்டை ஜெனிற்றாவுக்கு அளவாகத்தான் இருக்கும். சின்னம்மாவைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இந்த முறை நத்தாருக்குப் பலகாரம் சுடவில்லை. எனக்குக் கொஞ்சம் காய்ச்சல்.

படக்காரரிடம் ஊர்க்கதை அதிகம் பேசாதே. பழையதைப் பேசப் புதியதும் வாயில் வந்துவிடும்.

தக்ஷினியின் கை நீலம் பாரித்ததாக எழுதியிருந்தாய். இப்போது ஆறிவிட்டதா?

அக்கா,
மாக்கிரட்

*

லாசால்
22.02.2004

என் அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இங்கே வந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிற கன்னியர் மடத்துச் சிஸ்டரின் கையில் கொடுக்கிறேன். பதிலையும் அவர் கையிலேயே தாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிருபானந்தன் வீட்டுக்கு வந்தார். ஊரிலிருந்து வந்து ஒரு மாதமாகியும் எங்கள் பக்கம் தலைகாட்டாமல் இருந்தவர். கதிரையின் நுனியில் இருந்தார், தேத்தண்ணீரைத் தொடவில்லை. "பயணம் எப்படி?" என்று இவர் கேட்டதற்கு, "அண்ணை, சொல்லாம இருக்க நினைச்சன். ஏலாமக் கிடக்கு" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "உங்கட அக்காட மகள் வீட்டில இல்லை. மடத்தில நிண்டு படிக்கிறா எண்டுதான் அக்கா சொன்னவ. பேந்து துறையடியில ஒரு மனிசி சொன்னா. ஐப்பசியில இயக்கக்காரர் கொண்டு போயிட்டாங்களாம். துவக்குப் பழக" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடைய தேத்தண்ணீர் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கினேன். அடுப்படியில் நின்றபோதுதான் உங்கள் கடிதம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பாரம் எவ்வளவு, மருந்து கட்ட ஆள் இருக்கிறதா, சாப்பிட விடுகிறார்களா. யாரை நினைத்துக் கேட்டீர்கள் அக்கா! நான் என்ன பதில் எழுதினேன்! பப்பாசிப்பழம் என்று எழுதினேன். பிட்சா என்று எழுதினேன்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் அனுப்பிய படத்தைப் பார்த்து என்ன நினைத்தீர்கள்? என்மேல் கோபமா?

தக்ஷினி பக்கத்து அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவளுக்கு எழுத்துத்தான் தடுமாறும், பேச்சு நன்றாக விளங்கும். வந்து என் பக்கத்தில் நின்றாள். "அம்மா, ஜெனிற்றாவும் நானும் ஒரே வயசுதானே?" என்று மட்டும் கேட்டாள்.

எழுதுங்கள். ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

கிளி

*

வவுணதீவு
14.03.2004

கிளிக்கு,

சிஸ்டர் உன் கடிதத்தைத் தந்தார். குசினி அடுப்படியில் இருந்து வாசித்தேன். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் முதலில். இனி மறைக்க ஒன்றுமில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அன்றைக்கு அவள் கணக்குப் பாட ரியூசனுக்குச் சயிக்கிளில் போனாள், கூட இரண்டு பிள்ளைகள். பின்னேரம் சயிக்கிள் மட்டும் வந்தது. பக்கத்து வளவு ஞானேந்திரன் உருட்டிக்கொண்டு வந்தார். "மாக்கிரட்டக்கா, வாகனம் ஒண்டு வந்து நிண்டது. மூண்டு பேரையும் ஏத்திப் போட்டாங்க. நான் கத்தினன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல்ல" என்று சொல்லிவிட்டு, சயிக்கிளை எங்கே சாத்துவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

அத்தான் உடனே அவர்களுடைய முகாமுக்குப் போனார். பிள்ளை விரும்பி வந்திருக்கிறது என்று சொன்னார்களாம். திரும்பி வந்தவர் கட்டிலில் படுத்தார். வயலை அவர் விதைக்கவில்லை, ஞானேந்திரன்தான் விதைத்துத் தந்தார்.

நான் கிழமைக்கு ஒரு தரம் அந்த முகாம் வாசலில் போய் நின்றேன். என்னைப்போல் நிறையத் தாய்மார். வெயிலில் இருப்போம், பிறகு எழும்பி வருவோம். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வரிசையாக ஓடினார்கள். கையில் துவக்கு மாதிரிச் செதுக்கிய தடி. எல்லாருக்கும் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தது. எது என் பிள்ளை என்று தெரியவில்லை. கிளி, பெற்ற எனக்குத் தெரியவில்லை. என் பக்கத்தில் நின்ற ஒருத்தி, "அந்தா, உங்கட புள்ள" என்று கை நீட்டினாள். அதற்குள் திரும்பி ஓடிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன். உன் கடிதம் வந்து கிடந்தது. அதற்குள் அந்தப் படம்.

கோபமா என்று கேட்கிறாய். கிழிப்பதற்குத்தான் முதலில் எடுத்தேன். பிறகு தக்ஷினியின் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு மேலே பார்க்கிறாள். எறிந்தது தன் கைக்கே திரும்பி வரும் என்று அவளுக்குத் தெரிகிறது. ஒரு பயமும் இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்படித்தான் முகம் இருக்க வேண்டும். கிழிக்க மனம் வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், உன் கடிதத்தில் ஜெனிற்றா பள்ளிக்கூடப் பிள்ளையாகவே இருந்தாள். வளர்த்தி பார்க்க வேண்டும் என்றாய், சட்டை அனுப்பினாய், ஒரு வரி எழுதச் சொன்னாய். வேறு எங்கும் அவள் அப்படி இல்லை. அதையும் நானே போய் முடித்துவைக்க வேண்டுமா?

உன்னிடம் இரண்டு விசயம் கேட்கிறேன். இதை அந்தப் படத்தில் சொல்லாதே. அவர்கள் கையில் என் பிள்ளை இருக்கிறாள். மற்றது, தக்ஷினியை நிறுத்திவிடாதே. ஆடி முடித்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற பிள்ளை அது. அவளை ஏன் நிறுத்துவாய்?

அக்கா,
மாக்கிரட்

*

லாசால்
04.04.2004

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சிஸ்டர் மூலம் பத்திரமாக வந்தது. இதுவும் அவருடைய ஆள் ஒருவர் கையில்தான் வருகிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அத்தானை எழுப்பிக் குளிக்கச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து நான் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

இங்கே நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், இனி நாங்கள் இரண்டு பேரும் மறைப்பதில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னமே தக்ஷினி பயிற்சியை நிறுத்திவிட்டாள். மாசி முடிவில் ஒரு நாள் துவக்கை மண்டபத்தின் நடுவில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாளாம். பயிற்சிக்காரப் பெண் காரணம் கேட்க, அழுது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அது பஸ்காலின் காதுக்குப் போய்விட்டது. அவர் வீட்டுக்கு வந்தார். கண் கலங்கித்தான் இருந்தது, நடிப்பில்லை. "மதாம், ஒரே வயதில் இரண்டு பெண் பிள்ளைகள். இதை நீங்கள் சொன்னால் உலகம் கேட்கும். உங்கள் அக்காவின் மகளுக்கே அது உதவலாம்" என்றார்.

இவர் குறுக்கே வந்தார். "நாங்க இஞ்ச கதைச்சா அங்க ஆருக்கு அடி விழும்? படம் எடுத்து முடிய அவர் தன்ர வீட்டுக்குப் போயிடுவார்."

உங்களிடம் சொல்வதற்கென்ன, என் மனம் பஸ்கால் பக்கம்தான் சாய்ந்தது. யாராவது கேட்க மாட்டார்களா, யாராவது போய் வாசலைத் திறக்க மாட்டார்களா என்று இருந்தது. ஓம் என்று சொல்லி, நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு கமெராவுக்கு முன்னால் இருந்தேன். விளக்கைப் போட்டார்கள். பஸ்கால் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?"

அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் அதைப் பிறகு நான் பிடித்து வைக்க முடியாது என்று தோன்றியது. எங்கே போகும், யார் கேட்பார்கள், கேட்டவர்கள் அவளை என்ன செய்வார்கள்? எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். திரும்பி வந்து, "முந்தி நான் சொன்னதையும் போட வேண்டாம். ஒரு சொல்லும் வேண்டாம்" என்றேன். பஸ்கால் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்துக்கு நான் சொன்னது முக்கியம் என்று எனக்குத் தெரியும். பிறகு விளக்கைத் தானே அணைத்தார். "தக்கோர், மதாம்" என்றார். சரி என்று அர்த்தம். சொன்னபடி நடப்பார் என்று நம்புகிறேன்.

அதற்கு அடுத்த கிழமைதான் உங்கள் கடிதம் வந்தது. தக்ஷினியை இருத்தி வாசித்துக் காட்டினேன். உங்களுடைய கடைசி வரிகளை இரண்டாந்தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள், "பெரியம்மாக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"எது?"

"நான் செய்தா அவவுக்கு நோகாதெண்டு."

நோகாமல் இருக்காது, ஆனால் நீ நிறுத்தினாலும் அவவுக்கு நோகும் என்றேன். எழும்பிப் போய்ச் சப்பாத்தைப் போட்டாள். பஸ் எடுத்து, மண்டபத்துக்குப் போய், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். எலேன் செலோவைக் கீழே வைத்துவிட்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்தாராம்.

உங்களோடு சேர்ந்து நாங்களும் மன்றாடுகிறோம்.

கிளி

*

வவுணதீவு
25.04.2004

கிளி,

நல்ல செய்தி. முதலில் அதை வாசி. ஜெனிற்றா வந்துவிட்டாள்.

பெரிய வெள்ளிக்குப் பிறகு அவர்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து பிரச்சினை. பிள்ளைகளை வீட்டுக்குப் போங்கள் என்று விட்டுவிட்டார்களாம். ஆடு மாடு மாதிரிப் பிள்ளைகள் ரோட்டால் வந்தார்கள். தாய்மார் ரோட்டுக்கு ஓடினோம். நான் வந்தவர்களின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து, "அம்மா, என்னகா, என்னத் தெரியல்லயா?" என்று குரல். கறுத்து, மெலிந்து, காலில் ஆருடையதோ செருப்பு. பிடித்தேன். அவ்வளவுதான் எழுத முடியும்.

அத்தான் கட்டிலை விட்டு எழும்பிவிட்டார். அவளுக்கு மீன் வாங்கப் போனார்.

பேசுவது குறைவு. சாப்பாட்டைக் கண்டால் அவசரமாகச் சாப்பிடுகிறாள், நான் பார்த்தால் நிறுத்திவிடுகிறாள். நான் கூப்பிட்டால் எழும்பி விறைப்பாக நிற்கிறாள். "இரு மகள்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. தானாகச் சொல்லட்டும்.

தக்ஷினி திரும்பிப் போனது சந்தோஷம். நீ பெயரைச் சொல்லாமல் எழும்பியது எனக்குச் செய்த பெரிய உதவி. அந்த மனிதருக்கும் கடவுள் நல்லது செய்யட்டும்.

அக்கா

*

லாசால்
23.05.2004

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் என் செல்லம் ஜெனிற்றாவுக்கும்,

மூன்று பெயரையும் ஒரு வரியில் எழுத எத்தனை மாதம் பிடித்தது! நாங்கள் நல்ல சுகம். உங்கள் கடிதத்தைக் கார்டெரியில் வாசித்து அழ, சின்னப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி தன் பிஸ்கற்றைத் தந்தாள்.

போன கிழமை கச்சேரி நடந்தது. ஹொக்கி மண்டபம் நிறைய ஆட்கள். இவர் வர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே தன் நல்ல சட்டையை அயன் பண்ணினார். ஒவ்வொரு அணியாக வந்தது. ஒரு அணிக்கு அக்கோடியன், ஒரு அணிக்கு நிறைய மேளம். கொடிகள் ஒன்றாய் எழும்பி ஒன்றாய் விழும்போது அத்தனை சனமும் ஊவென்று கத்துகிறது. பிறகு எங்கள் பிள்ளைகள். ஓரத்தில் எலேன் தனியாகக் கதிரை போட்டு இருந்தார்.

கடைசியில் துவக்குக்காரர்கள் மட்டும் நடுவுக்கு வந்தார்கள். தக்ஷினி ஓரத்து ஆள். அவர்கள் எறிந்த அந்த நேரம் எலேன் இசையை நிறுத்திவிட்டார். அப்படித்தான் அமைத்திருக்கிறார். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. நான் கண்ணை மூடிவிட்டேன் அக்கா, பார்க்க முடியவில்லை. பிறகு சடாரென்று எல்லாக் கையும் ஒன்றாகப் பிடித்த சத்தம். கண்ணைத் திறந்தேன். இவர் எழும்பி நின்று கத்துகிறார், "எங்கட பிள்ளை! எங்கட பிள்ளை!" முன்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்து, "பிராவோ, முசியே" என்று கை கொடுத்தார்.

பிள்ளை வியர்த்து வழிய வெளியே வந்தாள். நான் ஏதோ பெரிதாகச் சொல்ல நினைத்தேன். அவள், "பசிக்குதம்மா" என்றாள். பக்கத்துக் கடையில் பூட்டீன் வாங்கிக் கொடுத்தோம். உருளைக்கிழங்குப் பொரியலில் சீஸைப் போட்டுக் குழம்பை ஊற்றுவது. தனியாளாக ஒரு கோப்பையை முடித்தாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு ஜெனிற்றாவை நினைத்தேன்.

பஸ்கால் வந்து கை தந்தார். படத்தில் தக்ஷினி அணியில் ஒருத்தியாக மட்டும் வருவாள் என்றார்.

கீழே இருப்பது அவளே எழுதியது. திருத்தக் கூடாது என்று கட்டளை.

"அன்பு ஜெனிற்றா, நான் தக்ஷினி. என் தமிழ் எழுத்து மோசம். நீ வந்தது எனக்கு நல்ல சந்தோசம். நான் உன்னை ஒவ்வொரு நாளும் நனைக்கிறேன். உனக்கு எது விருப்பம், எது விருப்பம் இல்லை? பதில் எழுத விருப்பம் இல்லாட்டி எழுத வேண்டாம். நான் எழுதுவேன்."

அவ்வளவுதான். பிள்ளையின் தலையைத் தடவிவிடுங்கள்.

கிளி

*

வவுணதீவு
20.06.2004

அன்புத் தங்கை கிளிக்கு,

நானும் அத்தானும் சுகம். உங்கள் கோடை நல்லதாக இருக்கட்டும்.

முதலில் சிரித்த கதையைச் சொல்கிறேன். தக்ஷினியின் எழுத்தை ஜெனிற்றா கையில் கொடுத்துவிட்டு நான் மீன் வெட்டப் போனேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம். பயந்து ஓடினேன். அவள் சிரிக்கிறாள். "அம்மா, இஞ்ச பாருங்க. ஒவ்வொரு நாளும் என்னை நனைக்கிறாவாம்! நான் என்ன துணியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். வந்த பிறகு முதல் தரம். அத்தான் வாசலில் நின்று அவளையே பார்த்தார். இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குளிக்கப் போனாலும், "தக்ஷினி நினைக்கிறா" என்று சொல்கிறாள்.

அடுத்ததை ஆறுதலாக வாசி.

வந்த பிள்ளைகளைத் திரும்பவும் தேடுகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஞானேந்திரன் வந்து சொன்னார். ஜெனிற்றா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. "அம்மா, நான் இனிப் போக மாட்டன். இஞ்ச இருந்தா கொண்டு போவாங்க. எங்கயாவது அனுப்புங்க" என்றாள். பிள்ளை வாயாலேயே கேட்டாள்.

சிஸ்டரிடம் போனேன். நீர்கொழும்பில் அவர்களுடைய மடத்தோடு ஒரு பிள்ளைகள் விடுதி இருக்கிறது. பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே. சிஸ்டர் தன்னோடு கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்தார். திங்கட்கிழமை காலை கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

எத்தனை மாதம் வாசலில் இருந்து பெற்ற பிள்ளை கிளி, இரண்டு மாதம் என் பக்கத்தில் வைத்திருந்தேன். என் கையாலேயே சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அழக்கூடாது என்று வந்தேன். அத்தான்தான் அழுதார். ஜெனிற்றா யன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி, "அம்மா, போய்ச் சேர்ந்ததும் சிஸ்டர் போன் எடுப்பா. கடையில வந்து நில்லுங்க" என்றாள். பெரிய மனுசி மாதிரி.

போய் நின்றேன். கடை நிறைய ஆட்கள். அவள் குரல் வந்தது. கட்டில் யன்னல் பக்கமாம், கடல் சத்தம் கேட்கிறதாம், மத்தியானம் பருப்பும் சோறுமாம். நான் எல்லோருக்கும் கேட்கப் பேசினேன், அது என் பிள்ளையின் படிப்பைப் பற்றிய பேச்சு. வெளியே வரும்போது கடைக்காரர் கேட்டார், "மகள் எங்க அக்கா இருக்கிறா?"

"மடத்தில நிண்டு படிக்கிறா" என்று சொன்னேன். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லி எவ்வளவு காலம்.

விடுதியின் முகவரியை மற்றப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். தக்ஷினியை அங்கே எழுதச் சொல். பிழை திருத்தாதே.

உன் அக்கா,
மாக்கிரட்